டிசம்பர் 17க்கு ஒரு பக்கம் வேணும்: வானிலை ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் ஒரு திறந்த மடல்

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்து ஆபீசர்மாருக்கும், திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல தினமும் மழைக்கணக்கு தொகுக்குற ஆட்களுக்கும், பாளையங்கோட்டைல பந்தல் போடுத ஒருத்தன் எழுதுத மடல். வணக்கம்.

கேக்க வந்தத முதல்லயே கேட்டுருதேன், நீளமா எழுதுனா கடைசி வரைக்கும் யாரும் படிக்க மாட்டாவன்னு வீட்டுல சொல்லுதாவ. பாளையங்கோட்டை வானிலை ஸ்டேஷனுக்கு தேதிக்கு ஒரு பக்கம் வேணும். ஜனவரி 1க்கு ஒண்ணு, ஜனவரி 2க்கு ஒண்ணு, அப்படியே போய் பிப்ரவரி 29ஐயும் சேத்து மொத்தம் 366 பக்கம். ஒவ்வொரு பக்கத்துலயும் அந்த தேதிக்கு உங்க ரெஜிஸ்டர் ஆரம்பிச்ச வருஷத்துல இருந்து போன வருஷம் வரைக்கும் எத்தன மில்லிமீட்டர் மழை, பகல் சூடு எவ்வளவு, ராத்திரி எவ்வளவு இறங்குச்சு, வருஷவாரியா. மேல நிக்கிற பெரிய நம்பர் மட்டும் போட்டு முடிச்சிராதீங்க. சைபர்னா சைபர்னு போடுங்க, அளக்கலன்னா அளக்கலன்னு போடுங்க.

மாசக்கணக்கு இருக்கே, சராசரி இருக்கே, அது பத்தாதான்னு கேப்பீங்க. எங்க தொழிலுக்கு பத்தாது. எவனும் நவம்பர் மாசத்துக்கு பந்தல் கேட்டு வாரது இல்ல, கார்த்திகை இத்தனாம் தேதி முகூர்த்தம், அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் பொண்ணழைப்பு, அண்ணாச்சி அன்னைக்கு மழை இருக்குமா, சாமியானா போதுமா இல்ல தகர ஷீட்டு போட்டுரலாமா, இப்படித்தான் கேக்காவ. சாமியானாவுக்கும் தகரத்துக்கும் ரேட்டு வித்தியாசம் சும்மா இல்ல, ஏத்துகூலி எறக்குகூலியே கண்ண கட்டும். பொண்ணோட அப்பா மூஞ்ச பாத்துக்கிட்டு நான் என்னத்த சொல்ல. "ஐப்பசி கார்த்திகைல பேயத்தான் செய்யும்"னு சொல்லலாம், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதுக்கு நான் எதுக்கு.

ஒரு கணக்கு சொல்லுதேன், இது உங்களுக்கு தெரிஞ்சதுதான், படிக்கிற மத்தவங்களுக்காக. ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு சதுர மீட்டர்ல ஒரு லிட்டர் தண்ணி. எங்ககிட்ட சின்ன வீட்டு விசேஷத்துக்கு போடுத இருபதுக்கு முப்பது பந்தல் 600 சதுர அடி, அதாவது சுமாரா 56 சதுர மீட்டர். நீங்க கனமழைன்னு சொல்லுறது 64.5 மில்லிமீட்டர்ல ஆரம்பிக்குது, அது ஒரு நாள்ல பேஞ்சா அந்த பந்தல் தலைல 3,600 லிட்டர் விழும். நீங்க அதிகனமழைன்னு வச்சிருக்க எல்லை 204.4 மில்லிமீட்டரத் தாண்டுனா 11,000 லிட்டருக்கு மேல. வாட்டம் சரியில்லாம துணில குழி விழுந்து தண்ணி தங்குச்சுன்னா கம்பு தாங்காது. அதனாலதான் சொல்லுதேன், மழை வருமா வராதாங்குறது பாதி கேள்விதான், வந்தா இந்த மண்ணுல இந்த தேதிய ஒட்டி எதுவரைக்கும் வந்திருக்குங்குறதுதான் மீதிப் பாதி. அந்த பாதிக்கு பதில் உங்க ரெஜிஸ்டர்ல இருக்கு.

இப்ப டிசம்பர் 17க்கு வாரேன். 2023 டிசம்பர் 17 ஞாயித்துக்கிழமை, மார்கழி ஒண்ணாந்தேதி. அன்னைக்கு காலைல கோவிலுக்கு போனவங்க நனைஞ்சுகிட்டே வந்தாவ, பொறவு யாராலயும் தெருவுல எறங்க முடியல. குமரிக்கடல் பக்கம் நின்ன ஒரு வளிமண்டல சுழற்சி, புயல்னு பேரு கூட இல்லாத ஒண்ணு, நகராம அப்படியே நின்னு கொட்டுச்சு. மறுநாள் காலை எட்டரை மணி வரைக்கும் 24 மணி நேரத்துல காயல்பட்டினத்துல 95 சென்டிமீட்டர், திருச்செந்தூர்ல 69, ஸ்ரீவைகுண்டத்துல 62, நம்ம பாளையங்கோட்டைலயே 40 சென்டிமீட்டருக்கு மேல. தூத்துக்குடி பக்கம் ஒரு வருஷம் பூரா பேயுற மழைக்கும் மேல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல. திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்கு கெளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்துல நின்னு போச்சு, சுமாரா 800 பேரு உள்ள, சுத்தி தண்ணி. இங்க ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ள வெள்ளம், கொக்கிரகுளம், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் எல்லாம் தாமிரபரணி ஆத்தோட சேந்து போச்சு. பாளை கணக்குக்கு என் இருபதுக்கு முப்பது பந்தல வச்சு பாத்தா 22,000 லிட்டர், அதாவது பெரிய தண்ணி லாரி ரெண்டு லாரி லோடு கிட்டத்தட்ட. அத தாங்குற பந்தல் எவனும் போட முடியாது, நானும் போட முடியாது, ஒத்துக்கிடுதேன்.

"கார்த்திகைக்கு மிஞ்சின மழையும் இல்ல, கர்ணனுக்கு மிஞ்சின கொடையும் இல்ல"ன்னு எங்க பெரியாளுக சொல்லுவாவ. அத நம்பித்தான் மார்கழி பொறந்ததும் தகரத்த எல்லாம் குடோன்ல அடுக்கி வச்சிட்டு கோவில் சீரியல் செட்டு வேலைக்கு போறது வழக்கம். அந்த பழமொழிய பொய்யின்னு சொல்ல மாட்டேன், நம்ம ஊருக்கு வடகிழக்கு பருவமழைதான் பெருமழை, அதுலயும் நவம்பர்தான் உச்சம், 1992ல தாமிரபரணில பெருவெள்ளம் வந்ததும் நவம்பர்லதான். 2024லயும் திருக்கார்த்திகை தீபத்தன்னைக்கு, டிசம்பர் 13, ஆத்துல மறுபடி வெள்ளம், பழமொழி சரியாத்தான் நின்னுச்சு. ஆனா 2023ல கார்த்திகை முடிஞ்சு மறுநாளே இப்படி. 2021ல பொங்கல் சமயத்துல, ஜனவரில, அறுப்புக்கு நின்ன பயிரு எல்லாம் முங்குற மாதிரி மழை. அப்ப பழமொழிக்கு வெளிய எத்தன தடவ போயிருக்கு? வாய்க்கணக்கா யாராலயும் சொல்ல முடியாது, அவங்கவங்க ஞாபகத்துல இருக்குறத சொல்லுவாங்க, எங்க தாத்தா காலத்துல இதுக்கு மேலன்னு ஒருத்தர் சொன்னா என்னத்த மறுத்து பேச. டிசம்பர் 17ன்னு ஒரு பக்கம் இருந்தா பாத்துக்கிடலாம்.

ஆனா இங்கதான் ஒரு சிக்கல், இத நீங்க சரி பண்ணியே ஆகணும். ஊர்ல எல்லாருக்கும் அது டிசம்பர் 17 வெள்ளம். உங்க ரெஜிஸ்டர்ல அது டிசம்பர் 18. ஏன்னா நீங்க மழைய காலைல எட்டரைக்கு அளக்குறீங்க, முந்தின நாள் எட்டரைல இருந்து இன்னைக்கு எட்டரை வரைக்கும் பேஞ்சத இன்னைக்கு தேதில எழுதுறீங்க. அது தப்புன்னு சொல்லல, நாடு முழுக்க ஒரே நேரத்துல அளந்தாத்தான் ஒண்ணோட ஒண்ண ஒப்பிட முடியும், நடுராத்திரி பன்னெண்டுக்கு எந்த மனுஷன் வெளிய வந்து அளப்பான். ஆனா சாதாரண ஆளு டிசம்பர் 17 பக்கத்த திறந்து பாத்தா அங்க இருக்குறது 16ஆம் தேதி காலைல இருந்து 17 காலை வரைக்கும் பேஞ்ச மழை. ஞாயித்துக்கிழமை பகலும் ராத்திரியும் ஊர முக்குன மழை பூரா அடுத்த பக்கத்துல கெடக்கும். சென்னைக்காரங்களுக்கும் இதே கதைதான், 2015 டிசம்பர் 1ன்னு அவங்க சொல்லுற மழை, தாம்பரத்துல 49 சென்டிமீட்டர், உங்க கணக்குல டிசம்பர் 2. இன்னொரு கூத்து, பகல் சூட்ட சாயங்காலம் அஞ்சரைக்கு பாத்து எழுதுறீங்க, ராத்திரி குளிர காலைல எட்டரைக்கு பாத்து எழுதுறீங்க, ஆக ஒரே தேதிக்கு கீழ இருக்குற மூணு நம்பரும் ஒரே 24 மணி நேரம் கிடையாது. பக்கத்து மேல ரெண்டு வரி இத தமிழ்ல எழுதி வச்சா போதும். "இந்த தேதின்னா நேத்து காலை 8.30 முதல் இன்னைக்கு காலை 8.30 வரை." படிச்சவன் படிக்காதவன் எல்லாருக்கும் புரியும்.

இதெல்லாம் இப்ப போன்லயே வருதேன்னு பயலுவ சொல்லுதானுவ. வெளிநாட்டு ஆப்புல திருநெல்வேலின்னு அடிச்சு தேதி போட்டா 1940ல இருந்து மழை எவ்வளவுன்னு காட்டுது. நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுல பல ஆப்பு காட்டுற பழைய கணக்கு எந்த மழைமானிலயும் அளந்தது இல்ல, கம்ப்யூட்டர் மாடல வச்சு பின்னால போய் கணிச்சது, ஒரு கட்டம் சுமாரா முப்பது கிலோமீட்டருக்கு முப்பது. நம்ம சீமைல முப்பது கிலோமீட்டர்ங்குறது என்னன்னு தெரியுமா? பாபநாசத்துல இருந்து இந்த பக்கம் வந்தா அம்பாசமுத்திரம் தாண்டி சேரன்மகாதேவியே வந்துரும். மலைல மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து பக்கம் விடாம பேஞ்சுகிட்டு இருக்கும், பாளைல துணி காய போட்டிருப்போம். ஆடி மாசம் செங்கோட்டை கணவாய் வழியா சாரல் தென்காசி வரைக்கும் வரும், குத்தாலத்துல கூட்டம் அள்ளும், நமக்கு இங்க வெறும் காத்துதான், அதுவும் மண்ணள்ளி கண்ணுல போடுற காத்து, மழைய மலைக்கு அந்தப் பக்கமே கேரளாக்காரன் வாங்கிக்கிடுதான். இத எல்லாத்தையும் ஒரே கட்டத்துல போட்டு சராசரி எடுத்தா வர்ற நம்பர் எந்த ஊருக்கும் பொருந்தாது. அதனாலதான் அளந்த கணக்கு வேணுங்கேன், ஒரே எடத்துல, ஒரே பாத்திரத்துல, வருஷக்கணக்கா அளந்தது.

எடம் மாறியிருந்தா அதையும் சொல்லுங்க. மழைமானி ஒரு காம்பவுண்டுல இருந்து இன்னொரு காம்பவுண்டுக்கு போச்சா, பக்கத்துல மரம் வளந்துச்சா, கட்டடம் வந்துச்சா, கையால அளக்குறத விட்டுட்டு ஆட்டோமேட்டிக் மெஷினுக்கு எப்ப மாறுனீங்க, இதெல்லாம் பக்கத்து அடில சின்ன எழுத்துல கெடக்கட்டும். பெருமழை நாள்ல இது ரொம்ப முக்கியம். மழைமானி வாய் 200 சதுர சென்டிமீட்டர், உள்ள பத்து லிட்டர் பாட்டில்னா அது 500 மில்லிமீட்டரோட நெறஞ்சிரும், அதுக்கு மேல பேஞ்சா யாராவது எட்டரை வரைக்கும் காத்திருக்காம கொட்டுத மழைல எறங்கி அளந்து ஊத்திட்டு மறுபடி வைக்கணும். அப்படி ராத்திரில எறங்கி அளந்த ஆளு எங்கயாவது இருந்தா அவருக்கு பொன்னாடை போத்தணும், பந்தல் என் செலவு. வழிஞ்சு போயிருந்தா வழிஞ்சுதுன்னு எழுதுங்க, அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல.

கலெக்டர் ஆபீஸ் சைடுக்கு தனியா ஒண்ணு சொல்லணும். மழைக்காலத்துல பேப்பர்ல தினமும் போடுறாவ, பாபநாசம் அணை இத்தன அடி, சேர்வலாறு இத்தன அடி, மணிமுத்தாறு இத்தன அடி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, ராதாபுரம், களக்காடு, மூலைக்கரைப்பட்டி, கன்னடியன் அணைக்கட்டு, நம்பியாறு, கொடுமுடியாறுன்னு மில்லிமீட்டர் கணக்கா மழை. டீக்கடைல முதல்ல அததான் படிக்காவ, சினிமா பக்கம் எல்லாம் அப்புறம். 143 அடி பாபநாசம் எத்தன அடில நிக்குன்னு தெரியாத விவசாயி இங்க கெடையாது. ஆனா நேத்து பேப்பர் இன்னைக்கு வடை மடிக்க போயிருது. அந்த தினக்கணக்கு எல்லாம் எங்கயோ பைல்ல இருக்கணும்ல? அதுல இருக்குற சிக்கலும் தெரியும், 1986ல தூத்துக்குடி தனியா போச்சு, 2019ல தென்காசி தனியா போச்சு, காயல்பட்டினம் திருச்செந்தூர் ஸ்ரீவைகுண்டம் எல்லாம் ஒரு காலத்துல ஒரே திருநெல்வேலி ஜில்லா. ஆக மாவட்ட சராசரின்னு பழசையும் புதுசையும் ஒப்பிட்டா கதை கந்தலாயிரும். மேகத்துக்கு ஜில்லா எல்லை தெரியாது, மழைமானி பேர வச்சு ஊர்வாரியா போடுங்க, அது மாறாது.

அடுத்து இந்த "வரலாறு காணாத" மேட்டர். ஒவ்வொரு மழைக்கும் டிவில வரலாறு காணாத மழை, ஒவ்வொரு வெயிலுக்கும் வரலாறு காணாத வெயில். எந்த வரலாறு, எத்தன வருஷ வரலாறு, யாரும் சொல்ல மாட்டாவ. கணக்கு தெரிஞ்ச ஒரு வாத்தியார் எனக்கு சொல்லிக் குடுத்தது இது. ஒரு ஸ்டேஷன்ல 100 வருஷ வெயில் கணக்கு இருக்குன்னு வச்சுக்கிடுங்க, காலநிலை மாறவே இல்லன்னாலும், ஒரு தேதில இந்த வருஷம் முதல் எடம் பிடிக்க நூத்துல ஒரு சான்ஸ். வருஷத்துல 365 தேதி இருக்கு, அப்ப சும்மாவே வருஷத்துக்கு மூணு நாலு தேதில புது ரெக்கார்டு விழத்தான் செய்யும், அதுக்கு தலைப்பு செய்தி போட ஒண்ணும் இல்ல. 30 வருஷக் கணக்குதான் இருக்குன்னா வருஷத்துக்கு பன்னெண்டு ரெக்கார்டு. ஆனா வெயில் ரெக்கார்டும் குளிர் ரெக்கார்டும் ஏறக்குறைய சமமா விழணும், வெயில் ரெக்கார்டு மட்டும் குவிஞ்சுகிட்டே போச்சுன்னா அதுதான் செய்தி. 366 பக்கமும் கைல இருந்தா எந்த காலேஜ் பிள்ளையும் ஒரு சாயங்காலத்துல எண்ணிப் பாத்துரும், நம்ம ஊர்ல அப்படி குவியுதா இல்லயான்னு.

மழைக்கு அந்த கணக்கு அப்படியே பொருந்தாதுன்னும் அவரே சொன்னாரு. பிப்ரவரி, மார்ச்சுல பல தேதில நம்ம ஊருக்கு வரிசையா சைபர்தான் இருக்கும், எப்பவோ ஒரு வருஷம் பேஞ்ச தூத்தல்தான் அந்த தேதிக்கு ரெக்கார்டா உக்காந்திருக்கும். அதுவும் ரெக்கார்டு, 40 சென்டிமீட்டரும் ரெக்கார்டுன்னா கேக்குறவன் சிரிப்பான். அதனாலதான் பெரிய நம்பர் மட்டும் வேண்டாங்கேன். இன்னொண்ணு, பக்கத்து பக்கத்து தேதியையும் பாக்கணும். 18ல மலை மாதிரி நம்பரும் 20ல ஒண்ணுமில்லாத நம்பரும் இருந்தா, 20ஆம் தேதி பயமில்லன்னு அர்த்தமா? இல்லவே இல்ல, வானத்துக்கு 18க்கும் 20க்கும் என்ன தெரியும், அன்னைக்கு விழுந்தது இன்னும் ரெண்டு நாள் தள்ளி விழுந்திருக்கலாம். அதனால ஒவ்வொரு பக்கத்துலயும் முன்ன ரெண்டு நாள் பின்ன ரெண்டு நாள் சேத்து அஞ்சு நாளுக்கு என்ன உச்சம்னு ஒரு வரி போடுங்க. பக்கத்துலயே தமிழ் தேதியும் இருந்தா புண்ணியமா போகும், மார்கழி ஒண்ணு சில வருஷம் டிசம்பர் 16, சில வருஷம் 17, நாங்க ரெண்டு காலண்டர்லயும் வாழுதோம்.

இந்த பக்கத்த பாத்து அடுத்த வருஷம் இந்த தேதில மழையா வெயிலான்னு யாரும் ஜோசியம் சொல்ல முடியாதுன்னு தெரியும். அதுக்கு உங்க முன்னறிவிப்பு இருக்கு, சில நாளைக்கு முன்னாடி அது வந்ததும் பாக்கத்தான் போறோம். ஆனா ஆர்டர் ஆறு மாசம் முன்னால வருதே. பந்தக்காலு நடுறதுக்கு முன்னால அட்வான்ஸ் வாங்கணும், அட்வான்ஸ் வாங்குறதுக்கு முன்னால தகரமா துணியான்னு பேசி முடிக்கணும்.

இந்த ஊரே ஒரு மழைக்கதைலதான் நிக்குது. வேதசர்மாங்குற பக்தர் காயப்போட்ட நெல்லு மேல மட்டும் மழை விழாம சாமி காப்பாத்துனாருன்னு நெல்லையப்பர் கோவில்ல தைப்பூசத் திருவிழாவுல நடத்திக் காட்டுதாவ. தேதி மட்டும் யாரும் குறிச்சு வைக்கல. அதுக்கு பொறவும் நாம குறிக்காமத்தான் இருக்கோம், ஆத்துக்குள்ள நிக்கிற கோவில வச்சு "குறுக்குத்துறை முருகன் கோவில் முங்கிட்டா"ன்னு கேக்குறதுதான் இங்க வெள்ளத்துக்கு அளவுகோல். வெள்ளம் வந்தா உற்சவர மேலக்கோவிலுக்கு கொண்டு போயிருவாவ, வடிஞ்சதும் திரும்ப கொண்டு வருவாவ. 1843ல கட்டுன சுலோச்சன முதலியார் பாலத்துல ஒரு பகுதிய முப்பது வருஷம் ஆகுறதுக்குள்ளயே வெள்ளம் கொண்டு போச்சு, இது பாலம் இருக்குறதால தெரியுது. சென்னைக்கு 1813ல இருந்து மழைக்கணக்கு இருக்குன்னு நீங்களே சொல்லுறீங்க, உங்க டிபார்ட்மெண்ட் ஆரம்பிச்சதே 1875லதான், அதுக்கு முன்னாடியே அங்க ஆளு அளந்திருக்கான். நம்ம பக்கத்து தாலுகா ஆபீஸ் பழைய ரெஜிஸ்டர் எல்லாம் எந்த பரண்ல கெடக்கோ, கரையான் சாப்பிடுறதுக்கு முன்னால ஒரு போட்டோவாவது எடுத்து வைங்க. டைப் அடிக்க ஆளு இல்லன்னா சொல்லுங்க, பாளையங்கோட்டைல காலேஜுக்கா பஞ்சம், பிள்ளைகளுக்கு ஒரு சர்டிபிகேட் குடுத்தா லீவுல அடிச்சு முடிச்சிருவாவ.

தினசரி காலண்டர் அச்சடிக்கிறவங்களும் இத படிச்சா நல்லது. ஒரு தாள்ல ராகுகாலம், எமகண்டம், குளிகை, சந்திராஷ்டமம், சூலம், பரிகாரம், பன்னெண்டு ராசிக்கும் ஒத்த வார்த்தை பலன், எல்லாத்துக்கும் எடம் இருக்கு. "இந்த தேதில நெல்லைல அதிகபட்ச மழை இவ்வளவு, இந்த வருஷம்"னு ஒரு வரிக்கு எடம் இருக்காதா? என் ராசிக்கு "லாபம்"னு போட்டிருந்த அன்னைக்குத்தான் பல தடவ தார்ப்பாய் கிழிஞ்சிருக்கு.

366 பக்கமும் ஒரே நாள்ல போட முடியாதுன்னு எனக்கும் தெரியும். முதல்ல டிசம்பர் 17, 18 ரெண்டு பக்கம் மட்டும் தமிழ்ல போடுங்க, எட்டரை மணி விளக்கத்தோட. அது எப்படி இருக்குன்னு ஊர்ல நாலு பேரு பாத்து சொல்லட்டும். பொறவு அக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் உள்ள தேதிய முடிங்க, எங்க தொழிலுக்கும் வயக்காட்டுக்கும் அதுதான் அவசரம். சித்திரை வைகாசி கோவில் கொடை சீசனுக்கு வெயில் கணக்கு அடுத்தாப்ல வரட்டும், 40 டிகிரி எந்தெந்த தேதில தாண்டியிருக்குன்னு தெரிஞ்சா ஓலைப் பந்தலா தகரமான்னு அங்கயும் ஒரு முடிவு எடுக்கலாம், தகரத்துக்கு கீழ சாமியாடி மயங்கி விழுந்தா எங்களத்தான் ஏசுதாவ. பிப்ரவரி 29ஐ கடைசியா போடுங்க, அதுக்கு இருக்குறதே நாலுல ஒரு பங்கு கணக்குதான்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை பந்தல்காரன்